ஆறு ஒயரும் நூற்றைம்பத்து மூன்று மீனும்

கோட்டாற்று ஜவுளிக்கடை கமருதீன் முதலாளியின் கார் எட்டு மாதமாக ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. டிரைவர் டைட்டஸுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முன்பிருந்த நாலு சிலிண்டர் வண்டி இப்படியா? தோவாளை தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் படுத்துவிடும். டைட்டஸ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பானெட்டுக்குள் தலையை விடுவான். வயலில் நிற்கிறவர்கள் கரையேறி வந்து வேடிக்கை பார்ப்பார்கள், யாராவது இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். ஆறு சிலிண்டர் வாங்குங்கள், தண்ணீராய் ஓடும் என்று முதலாளியை நச்சரித்தவனும் அவன்தான். நாலுக்கே இந்தப் பாடென்றால் ஆறு என்ன பாடு படுத்துமோ என்று அவர் பயந்துகொண்டேதான் வாங்கினார். புது வண்டி டைட்டஸின் வாக்கைக் காப்பாற்றியது, கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றியது. ஸ்பானருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பழகிய கை சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. அதுவும் எந்த நாளில் என்று பாருங்கள். முதலாளியின் அக்காள் ரசூல் பீவி ஹஜ்ஜுக்குப் புறப்படுகிற நாளில்! புருஷன் இறந்தபின் பன்னிரண்டு வருஷம் ஏங்கிக் கிடந்தவளுக்கு இப்போதுதான் பம்பாய்க் கப்பலில் இடம் கிடைத்திருந்தது. தம்பியும் துணைக்குப் போகிறார். அந்தக் காலத்தில் நாஞ்சில் நாட்டில் ரயில் ஏது? திருநெல்வேலிக்குப் போய் நாலு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் கப்பலும் போய்விடும். அடுத்த வருஷம் என்று சொல்லலாம். அவளுக்கிருந்த இரைப்புக்கு அடுத்த வருஷம் யாருக்கு உறுதி?

பீவிம்மா போகிற வண்டியாயிற்றே, பிளக்கையெல்லாம் ஒரு தடவை துடைத்துவிடுவோம் என்று காலை எட்டு மணிக்கு டைட்டஸ் பானெட்டைத் திறந்தான். தீப்பொறி கொண்டுபோகும் ஆறு ஒயர்களையும் இரண்டு முனையிலும் உருவி, மண்ணெண்ணெய் தொட்டுப் பளபளக்கத் துடைத்துத் துணிமேல் போட்டான். பழைய வண்டியில் ஒயர் நாலும் நாலு நீளம், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். இங்கே எது எந்தப் பிளக்குக்கு? அடையாளம் வைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக மாட்டி, வண்டியின் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினான். டமார் என்று ஒரு வெடி, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். மாற்றி மாற்றி மாட்டியதில் மணி பத்தாயிற்று.

முதலாளி வாசலுக்கு வந்தார். "என்னடே சத்தம்?"

"ஒண்ணுமில்ல மொதலாளி, எஞ்சின் சூடாவட்டும்னு பாக்கேன்."

பொய்யைச் சொல்லிவிட்டு மறுபடியும் ஒயரைக் கையிலெடுத்தான்.

வீட்டுக்குள் ஒரே கூட்டம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் பிழை பொறுக்கக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள். ரசூல் பீவி சொந்தக்காரர்கள், அண்டை அயல், வண்ணாத்தி என்று ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுக் கடைசியில் டைட்டஸிடம் வந்தாள்.

"டைட்டஸு, பழைய வண்டி நின்னப்பல்லாம் நீ பெட்ரோல வித்துட்டேன்னு நெனச்சேன். ரெண்டு பேர்ட்ட வாயாலயும் சொல்லிட்டேன். பொறுத்துக்கிடு மக்கா."

டைட்டஸ் கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டான்.

"நீங்கதான் பொறுக்கணும் பீவிம்மா. நல்லா ஓடிட்டிருந்த வண்டிய நான் கெடுத்துட்டேன். மொதலாளிட்ட பொய்யும் சொன்னேன்."

"ஏலே!" என்று முதலாளி பாய்ந்து வந்தார். அக்காள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நான் பொறுத்தாச்சு. நீயும் பொறு. கழட்டுனவனே மாட்டட்டும்."

சொல்லித் தொலைத்ததில் டைட்டஸுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் வண்டியைக் கொண்டுவந்து விட்ட கம்பெனி ஆள் சொன்னது ஞாபகம் வந்தது. தீப்பொறி வரிசையாகப் போகாது, தாண்டித் தாண்டிப் போகும். ஒன்று, ஐந்து, மூன்று என்று அவர் ஆரம்பித்ததுமே டைட்டஸ் சிரித்துவிட்டான். நூற்றைம்பத்து மூன்று! பைபிளில் இயேசுவின் சீஷர்களுடைய வலையில் அகப்பட்ட மீன்கள் அத்தனைதான். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு மீனைக் குறைத்துச் சொன்னதற்கு ஞானபாய் டீச்சர் காதைத் திருகியது இன்னும் வலிக்கிறது. சிரித்த சிரிப்பில் மீதி மூன்று எண்ணைக் காதில் வாங்காமல் விட்டான் மடையன்.

"பீவிம்மா, ஒரு வாரியல் தாங்க."

வண்டி ஓடாதபோது துடைப்பம் எதற்கு என்று எல்லோரும் விழித்தார்கள். டைட்டஸ் ஆறு ஈர்க்குச்சிகளை உருவி, பிளக்கைக் கழற்றிய ஆறு துளைகளிலும் இறக்கினான். முதலாளியை விட்டே ஹேண்டிலை மெதுவாகச் சுற்றச் சொன்னான். உள்ளே பிஸ்டன் எழும்பும்போது ஈர்க்குச்சியும் எழும்பியது. ஒன்றாவது குச்சியோடு ஆறாவது, ஐந்தாவதோடு இரண்டாவது, மூன்றாவதோடு நாலாவது.

அட, இவ்வளவுதானா! ஜோடி ஜோடியாக அல்லவா வேலை செய்கின்றன! ஒன்று, ஐந்து, மூன்று வெடித்தபின் அதே முறையில் அவற்றின் ஜோடிகள் ஆறு, இரண்டு, நாலு. குச்சிகளை எடுத்துவிட்டு, ஒன்றாம் துளையில் பெருவிரலை வைத்து அழுத்தி, உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளும் வரை சுற்றச் சொன்னான். பொறியைப் பங்கிடும் டப்பாவுக்குள் முள் அப்போது எங்கே நின்றதோ அங்கே முதல் ஒயரை மாட்டினான். மற்றதெல்லாம் முள் சுற்றுகிற திசையில் மீன் கணக்கும் ஜோடிக் கணக்கும்.

பிளக்கை முடுக்கிவிட்டு ஹேண்டிலை ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. இரைச்சல்கூட இல்லை, பானெட் லேசாக அதிர்ந்ததை வைத்துத்தான் தெரிந்தது. டைட்டஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். முதலாளி அவன் முதுகில் ஒரு அடி வைத்தார். அது கோபத்தில் வைத்த அடி இல்லை.

மூன்று மணிக்கு முன்பே திருநெல்வேலி வந்துவிட்டது. வரும் வழியில் டைட்டஸ் சொன்ன மீன் கதை ரசூல் பீவிக்கு மனசை விட்டுப் போகவில்லை, ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"ஏன் டைட்டஸு, அத்தன மீன் விழுந்தா வலை கிழிஞ்சிருக்குமே?"

"இல்ல பீவிம்மா. கிழியல்ல. டீச்சர் அதத்தான் பெருசாச் சொல்லுவா."

அவள் கண் கலங்கிச் சிரித்தாள். ரயில் நகர்ந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து முதலாளி தலையை நீட்டிக் கத்தினார். "லே, நான் வாரது வரைக்கும் பானெட்டத் தொறக்காத!"

திரும்பும்போது வண்டியில் டைட்டஸ் மட்டும்தான். ஆரல்வாய்மொழி ஏற்றத்தில் பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒரு திணறல் இல்லை, ஒரு தட்டல் இல்லை. கோட்டாறு வரும்வரை கார் எங்கும் நிற்கவில்லை. டைட்டஸுக்கு அது எவ்வளவோ நிம்மதியாக இருந்தது.