வெளிய ஒரு தடவை

அருப்புக்கோட்டையில பருத்தி விதைக் கடை வச்சிருந்த என் வீட்டுக்காரர் முஸாஃபரை, பேர் சொல்லி, "போலி விதை விக்கிற திருடன்"னு சட்டசபையில பேசிட்டாரு எங்க எம்.எல்.ஏ. அவுக கடையைப் பூட்டிட்டு குவைத்துக்குப் போயிட்டாக. எப்ப வாரீகன்னு கேட்டா, "அந்தப் பேரோட ஊருக்குள்ள எப்படி நடக்க?"ம்பாக.

கேஸு போடப் போனா வக்கீல் கையை விரிச்சிட்டாரு. சபைக்குள்ள பேசினதுக்குக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதாம். "அதையே வெளிய ஒரு தடவை சொல்லட்டும்மா, விட மாட்டேன்"னாரு.

அதுலருந்து அந்த ஆளு மைக் பிடிக்கிற இடமெல்லாம் செல்போனோட நிக்கிறேன். பந்தல்குடியில ரோடு திறப்பு, காரியாபட்டியில பொதுக்கூட்டம், ஒண்ணு விடலை. புருசனைத் திருடன்னு சொல்ல மாட்டானான்னு ஏங்குற பொம்பளை நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

நேத்து எங்க தெருவுக்கு நோன்பு திறக்கத் தொப்பி போட்டுக்கிட்டு வந்தாரு. நான் ரெக்கார்டிங்கை அமுக்குனேன். என்னைப் பார்த்ததும் மைக்குலயே பேசினாரு: "முஸாஃபர் பாய் எப்பம்மா வாராரு? அவரை மாதிரி நேர்மையான ஏவாரி இங்க யாரு இருக்கா?"

எல்லாரும் கை தட்டுனாக. அதை அப்படியே குவைத்துக்கு அனுப்பினேன்.

"இதைச் சபையில சொல்லச் சொல்லு"ன்னு பதில் வந்துச்சு.