வெட்டாமல் விட்ட நாலு வரிசை

கத்தரிக்கோல் வேல்விழியின் இடது புருவத்தைக் கிழித்தபோது கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எறிந்தது நடிகர் அபயன். பந்தலுக்கடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சுருளிப்பட்டிக்கு வெளியே இருந்த திராட்சைத் தோட்டம் அது. கல்தூண், கம்பிப் பந்தல், பந்தல் முழுக்கப் பழுத்துத் தொங்கும் கறுப்புக் குலைகள். அந்தப் பழத்தை வெட்ட வேண்டிய பெண்கள் செட்டையே, அந்தக் கூலிக் கூட்டம் மொத்தத்தையும், சினிமாக்காரர்கள் கூலிக்குப் பிடித்துப் பின்னால் நடமாட விட்டிருந்தார்கள். தினமும் செய்கிற வேலைதான், கேமரா முன்னால் செய்ய வேண்டும். வேல்விழி பழ டிரேயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அபயனுக்குப் பின்னால் குறுக்கே நடக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் கண் கேமராவுக்கே போனது. கடைசித் தடவை அபயன் வசனத்தைப் பாதியில் நிறுத்தினார். விவசாயி வேசத்துக்காகக் கையில் கொடுத்திருந்த கத்தரியைத் திரும்பி ஒரே வீச்சாக எறிந்தார்.

"இந்த மாதிரி ஜென்மங்களை எல்லாம் எவன்டா உள்ள விட்டது?"

கேட்டுவிட்டுக் குடைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செட்டுக்குத் தலைவி ஜக்கம்மா. வேல்விழி அவள் புருசனுடைய தங்கை. ஜக்கம்மா ஓடிவந்து பார்த்தாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் கத்தரி நழுவிக் கை கிழிவது அன்றாடம் நடப்பது. கிழிந்தால் வரப்பில் கிடக்கிற பச்சிலையைக் கசக்கி வைத்து, துணியைச் சுற்றிவிட்டு, அடுத்த குலைக்குக் கை போகும். கிழிந்த கைக்காக எந்தச் செட்டும் வேலையை நிறுத்தியதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ஜக்கம்மா அந்தத் தப்பைச் செய்தாள். பச்சிலையை அப்பி, தலைத்துண்டை அதன்மேல் இறக்கிக் கட்டினாள்.

"நில்லுத்தா. ஒரு தடவை முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருவோம்."

வேல்விழி நின்றாள். டிரேயை எடுத்துக்கொண்டு நடந்தாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். அந்தத் தடவை எல்லாம் சரியாக வந்தது.

அதற்கப்புறம்தான் துண்டு முழுக்கச் சிவந்தது. கம்பெனி மேனேஜர் அஜய்குமார் அவளைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டரிடம் அவனே சொன்னான், பந்தல் கம்பி கிழித்துவிட்டது என்று. அப்படியா என்று டாக்டர் அவளைக் கேட்டார். செட்டு மொத்தமும் இன்னும் அந்தத் தோட்டத்துக்குள்தான் இருக்கிறது, உள்ளதைச் சொன்னால் அவர்கள் பாடு என்னாகும் என்ற நினைப்பில் வேல்விழி தலையாட்டினாள். தையல் போட்டு அனுப்பினார்கள்.

சாயங்காலம் வீட்டில் கண்ணாடியைப் பார்த்தாள். கண் மூடிக்கிடந்தது. புருவம் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது.

"மதினி, கம்பின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"விடுத்தா. ஆறிப் போகும்."

"காயம் ஆறும். கம்பி என்னைய ஜென்மம்னு சொல்லாதுல்ல. யாரு எறிஞ்சதுன்னு நான் சொல்லணும்."

 ஜக்கம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் ஸ்டேசனுக்குப் போனார்கள்.

எஸ்.ஐ. சொர்ணலதா கேட்டுவிட்டுப் பேனாவை மூடினாள். கெட்ட மனுசி இல்லை, அலுத்துப்போனவள்.

"ஆஸ்பத்திரில நீயே கம்பின்னு சொல்லிருக்க. அடிபட்ட பெறகு சிரிச்சுக்கிட்டு நடிச்சிருக்க. அந்த மேனேஜர் இப்பத்தான் அதைப் போன்ல போட்டுக் காட்டிட்டுப் போனான். நான் என்னத்தைன்னு எழுத?"

"எறிஞ்சதும் அதே கேமராவுலதான இருக்கும்?" என்றாள் ஜக்கம்மா.

"இருக்கும். குடுப்பாகளா? உங்க யாராவது போன்ல எடுத்தீகளா?"

காலையில் தோட்டத்துக்குள் நுழையும்போதே எல்லோருடைய போனையும் ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜக்கம்மா அதைச் சொன்னாள்.

"நாங்க அத்தனை பேரும் பாத்தோம், அம்மா."

"நீங்க எல்லாம் ஒரே செட்டு. நாளைக்கு வக்கீல் வந்து சொல்லிக் குடுத்துச் சொல்றாகன்னு சொல்லுவான். உங்களை நம்பலைன்னு இல்ல. நாளைக்குப் பெரிய இடத்துல இருந்து போன் வந்தா நான் எதைக் காட்டி நிக்கிறது? அந்த ஆளே இங்க வந்து நான்தான் எறிஞ்சேன்னு சொன்னா, இந்த நாற்காலியில உக்காந்து இப்பவே எழுதுறேன்."

வெளியே வந்ததும் வேல்விழி கேட்டாள். "வருவாகளா மதினி?"

"நம்ம கூப்புட்டா எப்படி வருவாரு" என்றாள் ஜக்கம்மா.

விடியும்போது தூறல் விழுந்தது. பெரிய மழை இல்லை. மண்வாசம் கிளம்பும் அளவுக்குத்தான்.

பழுத்த பன்னீர் திராட்சைமேல் மழை பட்டால் தோல் வெடிக்கும். வெடித்த குலையை எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான். அதனால் பழத்தை மொத்தமாக விலை பேசி வாங்குகிற வியாபாரிகள் செட்டுத் தலைவியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள். சொட்டு விழுந்துவிட்டால் என்னைக் கேட்காதே, இறங்கிவிடு. இந்தத் தோட்டத்தை வாங்கியிருந்த தேனி வியாபாரி ஸ்டான்லியும் சொல்லியிருந்தார். சினிமாக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வெட்டைத் தள்ளி வைத்தபோது அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க மறந்துபோனார்.

ஜக்கம்மா வாசலில் நின்று கையை நீட்டிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஈரம் பட்டது. செட்டுக்கு ஆள் அனுப்பினாள்.

வெளிச்சம் நன்றாக வருமுன் பெண்கள் பந்தலுக்குள் இருந்தார்கள். கேமரா நிற்கிற பக்கத்துக்கு எதிர்க்கோடியில் ஆரம்பித்தார்கள். யாரும் பாட்டுப் பாடவில்லை, கதை பேசவில்லை. கத்தரிகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வரிசை முடிந்ததும் பந்தல் வெறும் இலையாக நின்றது. அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்கள். வேல்விழியும் வந்திருந்தாள். ஒற்றைக் கண்ணால் பார்த்து டிரேயில் அடுக்கினாள்.

அஜய்குமார் வந்து பார்த்தபோது பாதித் தோட்டம் காலி.

"ஏம்மா, நிறுத்துங்கம்மா. யாரைக் கேட்டு வெட்றீங்க? இன்னும் பாதி சீன் பாக்கி இருக்கு. பழம் இல்லாம எப்படி எடுக்கறது?"

"மழை பேஞ்சிருச்சு தம்பி" என்றாள் ஜக்கம்மா. கை நிற்கவில்லை.

"இதுக்குப் பேரு மழையா?"

"பழத்தைக் கேளுங்க."

அவன் லைட் ஆட்களைக் கூப்பிட்டான். வரிசைக்குக் குறுக்கே போய் நில்லுங்கடா என்றான். நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஜக்கம்மா டிரேயோடு நேராகப் போனாள். முன்னால் நின்றவன் அவளைப் பார்த்தான், பின்னால் இருந்த வேல்விழியின் கண்ணைப் பார்த்தான், ஒதுங்கி வழிவிட்டான். அவள் கடந்துபோகும்போது மெதுவாகச் சொன்னான். "வெட்டுங்கக்கா. எங்களையும் இப்படித்தான்."

ஸ்டான்லி பைக்கில் வந்து சேர்ந்தார். சட்டைப் பித்தான்கூடச் சரியாகப் போடவில்லை.

"ஜக்கம்மா, என்ன காரியம் பண்ற? அந்தக் கம்பெனிக்காரன் என் சட்டையப் பிடிப்பான்."

"அண்ணாச்சி, சொட்டு விழுந்தா இறங்குன்னு நீங்கதான சொன்னீக? நாளைக்கு வெடிச்சா யாரைப் பிடிப்பீக?"

"அது மழைக்குச் சொன்னது."

"தூறல்னா இறங்காதன்னு சொல்லலையே."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை. ஸ்டான்லி குரலைத் தாழ்த்தினார்.

"இது மழைக்காக இல்லன்னு எனக்குத் தெரியும். இனிமே என் தோட்டம் எதுலயும் உன் செட்டுக்கு வேலை இல்ல. பாத்துக்க."

கத்தரிகள் ஒரு கணம் ஓய்ந்தன. ஸ்டான்லிக்கு இந்தப் பக்கம் எத்தனை தோட்டம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஜக்கம்மா திரும்பிச் செட்டைப் பார்த்தாள்.  செட்டில் ஒருத்தியான விஜிதான் முதலில் கையை உயர்த்தி ஒரு குலையை அறுத்தாள். மற்றவர்களும் தொடர்ந்தார்கள்.

நாலு வரிசை மிச்சம் இருந்தபோது டைரக்டர் வந்தார். வயதான மனிதர். நேற்று கத்தரி பறந்ததை அவரும் பார்த்தவர்தான். பள்ளத்தாக்கில் மற்ற தோட்டங்கள் எல்லாம் வெட்டு முடிந்து கவாத்துப் பண்ணி மொட்டையாகக் கிடப்பது அவருக்குத் தெரியும். பழத்தோடு நிற்பது இந்த நாலு வரிசைதான்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

ஜக்கம்மா கையை இறக்கினாள். மற்றவர்கள் இறக்கவில்லை, கத்தரியைக் காம்பில் வைத்தபடியே நின்றார்கள்.

"அவரு ஸ்டேசனுக்கு வந்து, நான்தான் எறிஞ்சேன்னு சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம். வந்து உள்ளதைச் சொன்னாருன்னா இந்த நாலு வரிசையும் நீங்க எடுத்து முடிக்கிற வரைக்கும் நிக்கும். மழை பேஞ்சாலும் நிக்கும்."

அபயன் கேரவனிலிருந்து இறங்கி வந்தார். விவசாயி வேசத்துக்காக முகத்திலும் கழுத்திலும் கையிலும் கறுப்பு பூசி முடித்திருந்தார்கள்.

"வெயில்ல நின்னிருந்தா ஓசியிலயே கருத்துருக்கலாம்ல" என்று விஜி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

அபயன் அதைக் கவனிக்காதது போல் வேல்விழியைத் தேடினார். அவர் முதலில் வேறொருத்தியிடம் போய், "சிஸ்டர், நேத்து நடந்ததுக்கு சாரி" என்றார். அவள் பக்கத்தில் இருந்த வேல்விழியைக் காட்டினாள். ஒரு கண் மூடிக்கிடந்தும் அவளை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கவில்லை.

"இங்கயே மன்னிப்புக் கேக்கறேன். எல்லார் முன்னாடியும். போதும்ல?"

 ஜக்கம்மா ஒரு குலையை அறுத்து டிரேயில் வைத்தாள். இன்னொன்றை அறுத்தாள்.

டைரக்டர் அபயனின் தோளைத் தொட்டார். "போய்ச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா பேக்கப். தயாரிப்பாளர்கிட்ட நீங்களே பேசிக்குங்க."

ஸ்டேசன் வாசலில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எல்லோர் கையிலும் போன். அபயன் கும்பிட்டுக்கொண்டே உள்ளே போனார். பின்னால் அஜய்குமார், ஜக்கம்மா, வேல்விழி. ஜக்கம்மாவின் காதில் போன் இருந்தது. மறுமுனையில் விஜி தோட்டத்தில், மிச்சமிருந்த நாலு வரிசைக்கடியில் செட்டோடு கத்தரியும் கையுமாக நின்றாள்.

சொர்ணலதா எழுந்து நிற்கவில்லை. நாற்காலியைக் காட்டினாள்.

"சொல்லுங்க சார்."

"ஷூட்டிங் டென்ஷன் மேடம். கை தவறி..."

"விஜி" என்றாள் ஜக்கம்மா போனில்.

 அஜய்குமார் அபயனின் நாற்காலி முதுகைப் பிடித்தான்.

"கை தவறிச்சா, எறிஞ்சீங்களா?" என்றாள் சொர்ணலதா.

அபயன் மேசையைப் பார்த்தார். கழுத்தில் பூசிய கறுப்பு வியர்வையில் கரைந்து காலரில் இறங்கியது.

"எறிஞ்சேன்."

"எதுக்கு?"

"கோபத்துல."

அஜய்குமார் உடனே குனிந்தான். "மேடம், சார் ஒத்துக்கிட்டாரு. பெரிய மனசு. சமாதானமா முடிச்சுக்கலாம். எழுத்து எதுக்கு?"

அபயன் வேல்விழி பக்கம் திரும்பினார். "சாரிம்மா" என்றார். இந்தத் தடவை குரலில் நடிப்பு இருந்ததா என்று ஜக்கம்மாவால் சொல்ல முடியவில்லை.

சொர்ணலதா வேல்விழியைப் பார்த்தாள். "உன் இஷ்டந்தான். சமாதானம்னாலும் சரி."

ஜக்கம்மாவுக்கு அது போதும் என்று தோன்றியது. சொல்ல வைத்தாயிற்று. ஸ்டான்லியின் தோட்டங்கள் போய்விட்டன. எழுதினால் இன்னும் கோர்ட், வாய்தா, உத்தமபாளையத்துக்கு நடை, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி. முடிச்சுக்குவோம்த்தா என்று சொல்ல வாயெடுத்தாள். நேற்று நில்லு என்று சொன்னதும் இதே வாய்தான். மூடிக்கொண்டாள்.

வேல்விழி நல்ல கண்ணால் எஸ்.ஐ.யைப் பார்த்தாள்.

"எழுதுங்கம்மா."

"யோசிச்சுக்க."

"ராத்திரி பூரா யோசிச்சுட்டேன்."

அஜய்குமார் நிமிர்ந்தான். "அப்ப அந்த நாலு வரிசை?"

"அது நிக்கும். பேசுனது பேசுனதுதான்" என்றாள் ஜக்கம்மா. போனில் விஜியிடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடச் சொன்னாள்.

அபயன் எழுந்தார். "உக்காருங்க சார், இனிமேதான் வேலை" என்றாள் சொர்ணலதா. தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"பேரு?"

"அபயன்."

"அது சினிமாப் பேரு. அப்பா அம்மா வச்ச பேரு?"

வாசலில் இருந்த போன்கள் எல்லாம் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அவர் மேசைப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார்.

"கேக்கல" என்றாள் சொர்ணலதா. "சத்தமாச் சொல்லுங்க."