கேலிக்கு உரித்துடையவர்

அப்பாவின் கழுத்துப்பட்டி இடப்பக்கம் சரிந்திருந்தது. துர்க்கா பெட்டியின்மேல் குனிந்து அதை நேராக்கிக்கொண்டிருந்தபோது தம்பி ஜனார்த்தன் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, அந்தக் கறுவல் அங்கிளை இண்டைக்குக் கதைக்க விடுறது சரியில்லை."

"அவருக்குப் பேர் இருக்கு."

"சரி, கசொண்டே அங்கிள். அவர் வந்து அப்பாவைப் பகிடி பண்ணப்போறாராம். செத்தவீட்டில பகிடி! சித்தப்பா வாசல்ல நிண்டு இப்பவே புறுபுறுக்கிறார்."

"அப்பா கேட்டவர். நான் ஓமெண்டு சொன்னனான்."

"அப்பா ஆயிரம் கேப்பார். சனம் என்ன நினைக்கும்?"

"சனம் அவர் உயிரோட இருக்கேக்க நினைச்சதைத்தான் இப்பவும் நினைக்கும். நீ போய் ஐயருக்குத் தண்ணி குடு."

அவன் மார்க்கம் நகரத்திலிருந்து பனியில் கார் ஓட்டி வந்த களைப்போடு கைபேசியைப் பார்த்துக்கொண்டே போனான். மண்டபத்தின் வாசலில் ஆட்கள் சப்பாத்தில் ஒட்டிய பனிச்சேற்றைத் தட்டிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

இரத்தினவேல் மாஸ்டர் எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஸாம்பியாவுக்குப் போனவர். கப்வே என்ற சுரங்க நகரத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்தார். அதே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்த கசொண்டே பெம்பா இனத்தவர். பெம்பாக்களும் என்கோனிகளும் ஒரு காலத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். அந்தப் பகை பிறகு கேலி உறவாக மாறியது. ஒரு பெம்பா இறந்தால் என்கோனிக்காரன் வந்து பிணத்தின் முன்னால் நின்று திட்டுவான். கஞ்சன் என்பான், கள்ளன் என்பான், இன்னும் சாப்பிடலாம் என்று எழும்பிவிடாதே என்பான். வீட்டுக்காரர் கோபிக்கக்கூடாது. இந்த ஆப்பிரிக்க வழக்கில் தனக்கும் ஒரு இடம் கிடைத்ததைப் பற்றி அப்பா சலிக்காமல் சொல்லுவார். ஆசிரியர் அறையில் முதல்நாளே கசொண்டே அவரை மேலும்கீழும் பார்த்து, "உன்னை என்ன செய்வது என்று தெரியவில்லை, நீ என்கோனியாக இரு" என்றாராம். அன்றிலிருந்து, ஒருவருடைய செத்தவீட்டில் மற்றவர் வந்து கேலி பண்ணுவது என்று இருவரும் ஒருவருக்கொருவர் கடன் வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் போன கிழமை அப்பா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கசொண்டே வருவான். என்ன சொன்னாலும் கோவிக்கக்கூடாது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ கோவிக்கக்கூடாது" என்றார். மருந்து மயக்கத்தில் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள்.

இரண்டு குடும்பங்களும் ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்த பிறகு, மே மாதத்தில் வரும் ஆப்பிரிக்க தினத்தை ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் நிலக்கீழ் அறையில் இந்த இருவரும்தான் ஒவ்வொரு வருடமும் நடத்தினார்கள். எல்லைக் கோடுகளே இல்லாத ஆப்பிரிக்கப் படம் ஒன்றை அப்பா தன் கையால் கீறி வைத்திருந்தார். கண்டம் முழுவதற்கும் உடனடியாக ஒரே அரசு வேண்டும் என்ற கானாவின் என்க்ருமா பக்கம் அவர் நின்றார். முதலில் அயல்நாடுகள் சேரட்டும், மிச்சம் படிப்படியாக வரட்டும் என்ற தன்சானியாவின் நியரேரே பக்கம் கசொண்டே. இருவரும் மேசையில் அடித்துச் சண்டை போடுவார்கள். அந்த அறையில் தமிழர் என்று அப்பாவும் துர்க்காவும் மட்டும்தான். ஊர்ச்சனம் இதற்காக அவருக்கு வைத்திருந்த கேலிப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும்.

துர்க்கா கூட்டத்துக்கு றோல்ஸ், பற்றிஸ் என்று பலகாரம் செய்து கொண்டுபோவாள். கசொண்டேயின் மகன் டேவிட் கதிரைகளை அடுக்குவான். இரண்டு வருடம் அப்படிப் போனது. கல்யாணம் என்ற பேச்சை இருவரும் தங்கள் தங்கள் வீட்டில் எடுத்தார்கள். அடுத்த மாதமே டேவிட் ஒரு சொல் சொல்லாமல் ஸாம்பியாவில், லுசாக்காவில் இருக்கும் பெரியப்பனிடம் போய்விட்டான்.

அப்பாதான் அவளுடைய அறை வாசலில் வந்து நின்று சொன்னார். "பிள்ளை, அவன் மனம் மாறிட்டானாம். தகப்பனிட்டைச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறான்." அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலையால் வந்ததும் அவளுடைய கட்டிலின் ஓரத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக் கொடுத்தார். அவள் எழுதவில்லை. வேண்டாமென்று போனவனுக்கு என்னத்தை எழுதுவது? பிறகு வந்த சம்பந்தங்களை அவள் தட்டிக்கழித்தபோது அம்மா அழுதாள். அப்பா ஒருநாளும் வற்புறுத்தவில்லை. அம்மா செத்தபிறகு அஜின்கோர்ட்டில் இருந்த வீட்டில் அவரும் அவளும்தான். ஒருவன் கைவிட்டான், ஒருவர் பக்கத்தில் நின்றார். இதற்குமேல்தான் அவள் மிச்ச முப்பது வருடத்தையும் கட்டியிருந்தாள்.

ஊர்ச்சங்கத் தலைவர் பேசினார். மாஸ்டர் கண்டங்களைக் கடந்த மனிதர் என்றார். மாஸ்டர் உயிரோடிருந்தபோது அவரை ஒரு கூட்டத்துக்கும் பேசக் கூப்பிடாதவர். பழைய மாணவர் சங்கத்துக்காரரும் அதையே சொன்னார், இன்னும் கொஞ்சம் நீட்டி.

பிறகு கசொண்டே எழும்பினார். எண்பது கடந்த நெடிய மனிதர், ஊன்றுகோல், பெரிய சாம்பல்நிறக் கோட்டு. பெட்டியருகே போய் அப்பாவை நன்றாகப் பார்த்தார். ஒலிவாங்கியை வாங்கவில்லை. வகுப்பில் பேசிப் பழகிய குரலில் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"கள்ளன். பாருங்கள், ஒரு கூட்டத்தில் இவன் வாயை மூடிக்கொண்டிருப்பது இதுதான் முதல்தடவை."

யாரோ ஒருவர் செருமினார். முன்வரிசையில் ஒஷாவாவிலிருந்து வந்திருந்த மகேஸ்வரன் சித்தப்பா ஜனார்த்தனைத் திரும்பிப் பார்த்தார்.

"கப்வேயில் என்னிடம் வாங்கிய சைக்கிள் பம்பை இன்னும் தரவில்லை. கோழிக்கறி சமைத்தேன் வா என்பான், போனால் எலும்பு இருக்கும். என்கோனிகள் இப்படித்தான்."

பின்வரிசையில் இளம்பிள்ளைகள் சிரித்தார்கள். துர்க்காவும் சிரித்தாள். காலையிலிருந்து அந்த ஒரு நேரம்தான் அந்தப் பெட்டிக்குள் கிடப்பது அப்பா என்று அவளுக்குப் பட்டது.

"இவன் என்க்ருமாவின் ஆள். இன்றைக்கே ஒன்றாக வேண்டும், நாளைக்கு என்றால் துரோகம். நான் நியரேரேயின் ஆள், மெதுவாக, மெதுவாக. இருபது வருடம் சண்டை பிடித்தோம். பிறகு ஒருநாள் என் மகனும் இவன் மகளும் ஒன்றாக வேண்டும் என்று வந்து நின்றார்கள். அன்று பின்னேரம் இவனுடைய குசினியில் கூடினோம். என்க்ருமா ஒரு கோப்பைத் தேத்தண்ணி முடிவதற்குள் நியரேரே ஆகிவிட்டார்! 'மெதுவாக, கசொண்டே, மெதுவாக' என்றான். நான் இன்னும் மெதுவான ஆள் அல்லவா? 'ஒருபோதும் வேண்டாம்' என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினான். இவனுடைய பெண் மனம் மாறிவிட்டாள் என்று நான் என் பையனிடம் சொன்னேன். பையன் மனம் மாறிவிட்டான் என்று இவன் தன் பெண்ணிடம் சொன்னான். எங்களுடைய ஐக்கிய ஆப்பிரிக்கா அந்த ஒரு தீர்மானத்தைத்தான் ஏகமனதாக நிறைவேற்றியது, நண்பர்களே."

அவர் சிரித்தார். ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத சிலரும் அவர் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். சித்தப்பாகூடச் சிரித்தார்.

சிரித்தபடியே கசொண்டே துர்க்காவின் பக்கம் திரும்பினார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவருடைய வாய் திறந்தபடியே நின்றது. பிறகு ஊன்றுகோலைத் தேடி எடுத்துக்கொண்டு போய் இருந்தார்.

ஐயர் கிரியையைத் தொடங்கினார். ஜனார்த்தன் பூணூலை மாற்றிக்கொண்டு வந்தபோது அவள் அவனுடைய முழங்கையைப் பிடித்தாள்.

"உனக்குத் தெரியுமோ?"

"என்னக்கா, இப்ப போய்..."

"தெரியுமோ எண்டு கேட்டனான்."

"அம்மா சொன்னவ. நீங்களும் பிறகு எப்பிடியும் அறிஞ்சிருப்பீங்கள் எண்டுதான் நாங்கள்... எவ்வளவு காலமாச்சு, அக்கா. ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

வாய்க்கரிசி போட உரித்துக்காரர் வரிசையாகப் போனார்கள். துர்க்காவின் முறை வந்தது. தாம்பாளத்திலிருந்து அரிசியை அள்ளினாள். ஐயர் மந்திரத்தை முடித்துவிட்டு, "போடுங்கோ அம்மா" என்றார். அவள் நின்றாள். "போடுங்கோ, பின்னால ஆக்கள் நிக்கினம்." அவள் போட்டாள். பாதி அரிசி உதட்டில் படாமல் கழுத்துப்பட்டியில் சிந்தியது. துடைக்கவில்லை.

சுடலையில் தகன அடுப்பின் பொத்தானை ஜனார்த்தன் அழுத்தினான். எல்லாரும் சாப்பாட்டுக்குப் புறப்பட்டபோது கசொண்டே வாசலில் தனியே நின்றார். அவரைக் கொண்டுபோய் விடுவதாக முதல்நாளே துர்க்கா சொல்லியிருந்தாள். கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

மழையும் பனியும் கலந்து கொட்டியது. கார் மார்க்கம் றோட்டில் ஏறியது.

"ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினான்," என்றார் கசொண்டே. "'ஒன்றையும் விடாமல் சொல், குசினியில் நடந்ததையும் சொல்' என்றான். சிரிப்பதற்குத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். உனக்கு எப்போதோ சொல்லியிருப்பான் என்று..."

துர்க்கா சிவப்பு விளக்கில் நிறுத்தினாள். 'நீ கோவிக்கக்கூடாது.' மயக்கத்தில் சொன்ன சொல்லல்ல அது. தன்னால் சொல்லமுடியாததை இன்னொருவனுடைய வாயில் பகிடியாக வைத்து, கோபிப்பதற்கு இடமில்லாத ஒரு வழக்கத்தையும் தேடிப் பிடித்து, தான் கேட்கமுடியாத நேரத்தையும் பார்த்து ஒழுங்கு செய்திருக்கிறார். பூமிசாஸ்திர வாத்தியார். எல்லாவற்றையும் முன்கூட்டியே கீறி வைப்பவர்.

"நீங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்தார். "பெம்பாப் பெண் வேண்டும் என்று நினைத்தேன். டேவிட் போய் லோசி இனத்துப் பெண் ஒருத்தியைக் கட்டினான். ஆறு வருடம் நான் அவனோடு பேசவில்லை."

"இப்போது?"

"நல்ல பெண். என்னைக் கிழமைக்கு ஒருதரம் கூப்பிடுவது அவள்தான்."

விளக்கு பச்சையானது.

அவருடைய அடுக்குமாடிக் கட்டிடத்தின் முன்னால் பஸ் நிற்கும் இடத்தில்தான் நிறுத்த இடம் கிடைத்தது. அவர் சீற் பெல்ற்றின் பொத்தானைத் தேடினார். விரல்கள் வாதத்தில் வளைந்திருந்தன. பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார், வழுக்கியது. மற்றக் கையையும் கொண்டுவந்தார். கோட்டு இடைஞ்சலாக இருந்தது. அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார், பிறகு மீண்டும் குனிந்துகொண்டார்.

துர்க்கா இரண்டு கைகளையும் ஸ்ரியரிங்கில் வைத்தபடி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைப்பர் போய்ப்போய் வந்தது. பின்னால் வந்து நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. சிறிது பொறுத்து, இன்னொருமுறை அடித்தது.