தூரத்துச் சொந்தம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எல்லாரும் வைத்த பட்டப்பெயர் டெம்பரரி. வருஷக்கணக்காகத் தற்காலிக வேலை. பெயர் நிலைத்துவிட்டது, வேலை நிலைக்கவில்லை. வெந்நீர் ஊற்றில் எடுத்த ஒரு கிருமியின் மரபணு வரிசையைக் கணினியில் மற்ற உயிர்களோடு ஒப்பிட்டு, அது எவருக்கும் சொந்தமில்லாத புது இனம் என்று காட்டினால் நிரந்தரம் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

கணினி பாவி, சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டது. இயக்குநரேதான். பெருமைக்காகத் தன் மரபணுவையும் அதில் ஏற்றி வைத்திருந்த மனிதர். தலையிலிருந்து கால்வரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. மாதிரிக் குழாய் ஒவ்வொன்றையும் மூடுமுன் வாயால் ஊதித் துடைக்கும் பழக்கம் அவருக்கு. சொன்னால் கேட்கிற ஆளா?

அவள் திரையை இயக்குநர் பக்கம் திருப்பினாள்.

"சார், இது கிருமி இல்ல. உங்க எச்சில்."

இயக்குநர் திரையை ஆசையாகப் பார்த்தார். "என் ஜாடை தெரியுதில்ல?"

பக்கத்தில் நின்ற மேனேஜர் முகம் கறுத்தது. "சாரோட சொந்தக்காரங்க இங்க இருக்கக் கூடாது. விதி. கிருமிய வெளிய அனுப்பிடலாம்."

"போனாப் போகுது. உண்மையச் சொன்ன பொண்ணு, இவள நிரந்தரமாக்கிடுங்க" என்றார் இயக்குநர்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

"உங்களுக்கும் சாருக்கும் எவ்வளவும்மா ஒத்துப்போகும்?"

பொய் சொல்லியிருக்கலாம். படித்த வாய் சும்மா இருக்குமா?

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுக்கு மேல சார். எந்த ரெண்டு மனுஷங்களுக்கும் அப்படித்தான். உங்களுக்கும்தான்."

"நான் விதி வர்றதுக்கு முன்னாடியே சேர்ந்தவன்." பேனா மூடிக்கொண்டது. "ரொம்ப நெருங்கின சொந்தம்மா. தூரத்துச் சொந்தம்னா பரவாயில்ல."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ ரொட்டிக்குப் போடுற ஈஸ்டைத்தான் கூப்பிடணும். அதோட மரபணுல மூணுல ஒரு பங்குதான் நம்மோட ஒத்துப்போகும்."

"படிச்சிருக்கா?"

"அது படிக்கல. அதைத்தான் எல்லாரும் படிச்சிருக்காங்க."

மேனேஜர் யோசித்தார். இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவள் மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் ஈஸ்ட் இருந்தது, பெயர்ப் பலகையோடு. அவளுக்கும் வேலை போகவில்லை. நிரந்தரமானவருக்குக் காலையிலும் மாலையிலும் சர்க்கரை கரைத்துக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. தற்காலிகமாக.