சாப்பாட்டு ஜெபம்

என் ஜெபம் நீளமானது. சபையில் எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்து நின்றாலே பின்வரிசை கொட்டாவி விடும். வீட்டுக்காரர் கெஞ்சியதால் சாப்பாட்டு ஜெபத்தை மட்டும் ஒரே வரியாக வெட்டியிருந்தேன்: "முன்னால வெச்சிருக்கிற சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம், ஆண்டவரே. ஆமென்." அதற்குள்ளேயே அவர் கை தட்டில் இருக்கும்.

அப்படிப்பட்ட வாயாடிக்கு ஸ்கேன் குழாய்க்குள் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

இரண்டு மாதமாகத் தலைவலி. தைக்க உட்கார்ந்தால் ஒரு ஊசி இரண்டாகத் தெரிந்தது. தலைக்குள் கட்டியாக இருக்கலாம் என்று டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். முகத்துக்கு மேல் கூண்டு மாட்டி உள்ளே தள்ளினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முடியாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த பந்தை அமுக்கிக் கத்திவிட்டேன். வெளியே இழுத்தார்கள்.

"அசையாம இருந்தாத்தாம்மா படம் விழும். இல்லேன்னா கட்டி இருக்கா இல்லையான்னு டாக்டருக்கே தெரியாது," என்றாள் ஸ்கேன் எடுக்கிற பெண். "இருபதே நிமிஷம்."

இருபதே நிமிஷமாம்! அவள் படுத்துப் பார்க்கட்டும்.

மறுபடி உள்ளே. டமடமவென்று சத்தம். செத்துப்போய்ப் பெட்டிக்குள் கிடக்கிறேன் என்றே நினைத்தேன். ஆண்டவரே என்று தொடங்கினால் அடுத்த வார்த்தை இல்லை. முப்பது வருஷ ஜெபம் எங்கே போய்த் தொலைந்தது? பந்தை அமுக்கப் போனபோதுதான் வாய் தானாகச் சொன்னது: "முன்னால வெச்சிருக்கிற சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம்..."

சத்தம் ஓய்ந்தது. ஸ்பீக்கரில் அந்தப் பெண் கேட்டாள்: "என்னம்மா, பசிக்குதா?"

"இல்லம்மா, ஜெபம்."

"வாயை அசைக்காதீங்க. மனசுக்குள்ள சொல்லுங்க."

மனசுக்குள் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையேதான். பயம் போகவில்லை. ஆனால் உள்ளே நான் தனியாக இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. நெஞ்சு மெல்ல அடங்கியது. நீட்டி முழக்கினால்தான் ஆண்டவர் காதில் விழும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் போல. பந்தை அமுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். கவர் ஒட்டியபடியே இருந்தது.

"நீயே பிரிம்மா."

"நீங்க பிரிங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முன்னால வெச்சிருக்கிறதுக்கு ஸ்தோத்திரம், ஆண்டவரே. ஆமென்."

கண்ணைத் திறந்தேன். ஆமெனுக்கு முன்பே முந்திக்கொள்கிற அவர் கை இன்னும் கூப்பியபடியே இருந்தது. கவரை நான்தான் பிரித்தேன்.