இரண்டு பக்கமும் தலை

நாணயச் சங்கத்தில் ‘மண்வெட்டி’ என்று எல்லோரும் கூப்பிடுகிற பஸ் மெக்கானிக்குக்கு வாய்தான் எதிரி. ஞாயிறு தவறாமல் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரமெல்லாம் அலைவான். கிடைப்பதென்னவோ ஆணியும் சோடா மூடியும். போன வாரம் முழங்கை ஆழத்தில் வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக்காசு ஒன்று சிக்கியது. ஒரு பக்கம் ராஜா தலை. திருப்பினால், பூ இருக்க வேண்டிய இடத்தில் அதே தலை, குழிவாக, இடம்வலம் மாறி!

நாணயச்சாலையிலேயே நடந்த பிழை என்று மண்வெட்டி குதியாய்க் குதித்தான். சங்கத் தலைவர் லென்ஸில் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

“எவனோ வேலையத்தவன் ரெண்டு காசைப் பட்டறை வைஸ்ல வெச்சு இறுக்கி நசுக்கியிருக்கான் தம்பி. குப்பை.”

“குப்பையா? இது குப்பைன்னா இனிமே சத்தியமா அந்த டிடெக்டர் மெஷினைத் தொடமாட்டேன்!”

நாற்பது பேர் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு முடிவாகச் சொல்கிறேன் என்றார் தலைவர். அடடா, சும்மா இருந்திருக்கக் கூடாதா! வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மெஷின் இல்லாமல் அவனுக்கு என்ன பொழுது இருக்கிறது?

ஞாயிறு காலை, காசை வெறித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து மனைவி அதை வாங்கினாள். அவளுக்குப் பதக்கம் செய்யும் கம்பெனியில், வெறும் உலோக வில்லையில் உருவம் அடிக்கிற பிரஸ் ஓட்டுகிற வேலை. நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“இதுக்கா இந்த மூஞ்சி? எங்க பிரஸ்லயும் எப்பவாச்சும் இப்படி ஆகுங்க. அடிச்ச மெடல் கீழ விழாம அச்சுலயே ஒட்டிக்கும். அடுத்த வில்லை அதுமேல அடிபட்டா இப்படித்தான் குழியும்.”

“அடிப்பாவி! இதை ஏன் ஒரு வாரமா சொல்லல?”

“நீங்க எங்க என்கிட்ட காட்டுனீங்க?”

அவளைக் கையோடு சங்கத்துக்கு அழைத்துப் போனான்.

“வைஸ்ல நசுக்கினாலும் இப்படித்தானேம்மா வரும்?” என்றார் தலைவர்.

“வராதுங்க ஐயா. வைஸ்னா, ஏற்கெனவே பூ இருக்கிற காசுதானே? தலை அழுந்தினாலும் பூவோட கோடு எங்கயாவது மிச்சம் நிக்கும். இதுல ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். மறுபக்கம் மேடா இருக்கிற தலையும் சப்பையாகியிருக்கணும். தலைமுடி கூடத் தனித்தனியா நிக்குது பாருங்க.”

தலைவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். கடைசியில் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“நாணயச்சாலைப் பிழைதான். நான் சொன்னது தப்பு. முப்பது வருஷமா லென்ஸ் பிடிக்கிறேன், இதைப் பார்க்கத் தெரியலயே எனக்கு!”

கூடம் கைதட்டியது. மண்வெட்டிக்கு மெஷின் தப்பியது நினைவிலேயே இல்லை. இப்பேர்ப்பட்டவளோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று கண் கலங்கிவிட்டது. “என் சம்சாரம்!” என்றான் பக்கத்து நாற்காலிக்காரரிடம்.

“ஒவ்வொரு ஞாயிறும் வந்துடுங்கம்மா. சந்தேகக் காசு பெட்டி பெட்டியா கிடக்கு” என்றார் தலைவர்.

அவள் முகம் மலர்ந்து, உடனே வாடியது. “முடியாதுங்களே ஐயா. வாரத் துணி மொத்தமும் ஞாயித்துக்கிழமைதான் துவைக்கணும்.”

“துணி நான் துவைக்கிறேன்” என்றான் மண்வெட்டி.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் அவனையே பார்த்தாள்.

“காலரை நல்லாத் தேய்க்கணும்” என்றாள்.