அறுநூற்றுப் பதினான்கு மணி நேரம்

லோகப்பிரியாவின் கேம் பெட்டி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு உயிரை விட்டது. பொத்தானை அழுத்தியதும் 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. நீல விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது. அவ்வளவுதான்.

போயும் போயும் இரண்டு மணிக்கா போக வேண்டும்? இரண்டிலிருந்து நான்கு வரைதான் அவளுடைய நேரம். மாமனார் அரங்கசாமி சாப்பிட்டுவிட்டுக் கண்ணசருவார். மாமியார் ராமாமணியும் அப்படியே. கணவன் கவின், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தங்களுடைய தென்னை நார் மில்லில் இருப்பான். அந்த நேரத்தில் அவள் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கல்லூரி விடுதித் தோழி ஷ்ரவ்யாவோடு கடலில் படகு விடுவாள். ஷ்ரவ்யா இருப்பது பெங்களூரில், கடல் இருப்பது பெட்டிக்குள். படகு ஓட்டியதைவிடப் பேசியதுதான் அதிகம். நாளெல்லாம் அம்மணி, அண்ணி, மருமகள் என்று இருப்பவள், அந்த இரண்டு மணி நேரம் வெறும் லோகு.

அந்த வீட்டில் யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் தேடினாலும் இப்படி ஒரு மாமனார் மாமியார் கிடைக்கமாட்டார்கள். ஆனால் குளிக்கப் போனால்கூட, "அம்மணி, சுடுதண்ணி பத்துமா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்கிற வீடு அது.

பெட்டிக்கு என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தவள். மில்லின் நார்த்தூசி உள்ளே போய் ஃபேனை இறுக்கியிருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிடமும் போதும். ஆனால் பின்பக்கம் ஒரு வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் வாரன்டி செல்லாது. வாரன்டி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தூசி மட்டும்தான் என்றால் சரி, போர்டே கருகியிருந்தால்? ஸ்க்ரூ டிரைவரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கம்பெனியின் இணையதளத்தில் புகார் பதிய உட்கார்ந்தாள்.

அங்கேதான் வினை காத்திருந்தது. அந்த வீட்டில் எது வாங்கினாலும் பில் மில்லின் பெயரில்தான். கிரைண்டரும் 'அரங்கசாமி ஃபைபர்ஸ்', நாத்தனாரின் முடி உலர்த்தியும் 'அரங்கசாமி ஃபைபர்ஸ்'. கல்யாணமான புதிதில் கவின் ஆசையாக வாங்கி, இரண்டு வாரம் விளையாடிவிட்டு மறந்துபோன இந்தப் பெட்டியும் அப்படியே. பில்லில் இருந்தது மாமனாரின் போன் நம்பர். ஓடிபி அவருக்குத்தான் போனது. தெரியாமல் மூன்று முறை முயன்றாள்.

கவினிடம் சொன்னாள். "அப்பாகிட்டக் கேட்டாக் குடுத்துருவாரு லோகப்பிரியா. இதுக்குப் போயி," என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அரங்கசாமி வெளுத்த முகத்தோடு அடுப்படிக்கு வந்தார்.

"அம்மணி, எம்பட போனுக்கு மூணு வாட்டி ரகசிய நெம்பர் வந்துருக்குது. எவனோ பேங்குல கை வெக்கறான். நா உடுமலைக்குப் போயி கார்டை நிறுத்திப்போட்டு வாரேன்."

"அது நாந்தானுங்க மாமா," என்றாள்.

சொல்லி முடித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த மாடிப் பொட்டியா? நா சிசிடிவி கேமராப் பொட்டின்னல்ல நெனச்சுட்டு இருந்தேன்! இதுக்கா இப்புடி மூஞ்சிய வெச்சிருக்கறே? நாளைக்கே போலாம் கண்ணு."

தனியாகப் பஸ்ஸில் போய்வருகிறேன் என்று சொல்லிப்பார்த்தாள். அவரே காரை எடுத்தார்.

கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் இல்யாஸ் என்ற இளைஞன் பில்லைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"சார், பில்லு கம்பெனி பேருல இருக்குதுங்க. தொழிலுக்கு யூஸ் பண்ணுனா வாரன்டி வராதுங்க."

"நார் மில்லுல இதை வெச்சு என்னத்தப் பண்றது தம்பி? தேங்கா உரிக்குமா?"

"வீட்டுலதான் யூஸ் பண்றோம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார். யாரு யூஸ் பண்றாங்கன்னும் போடணுமுங்க."

அரங்கசாமி கரண்ட் ஆபீசுக்கு மனு எழுதுகிற கையெழுத்தில் எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார். "மேற்படி பெட்டியில் என் மருமகள் லோகப்பிரியா என் இல்லத்தில் விளையாடி வருகிறார்." வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோகப்பிரியா தன் செருப்பைப் பார்த்தாள்.

இல்யாஸ் பெட்டியை உள்ளே எடுத்துப்போய், அதன் மெமரியைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"வீட்டு யூஸ்தாங்க சார், சந்தேகமே இல்லை. மொத்தம் அறுநூத்திப் பதினாலு மணி நேரம் ஓடிருக்குது. கிட்டத்தட்ட எல்லாமே மத்தியானம் ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல. போர்டு போயிருச்சுங்க. வாரன்டில புதுசே குடுத்துருவாங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தூங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பதினோரு மாத மத்தியானங்களை ஒரு மெஷின் எண்ணிவைத்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் சொல்வதற்குப் பதிலும் வைத்திருந்தாள்.

அவர் திட்டவில்லை. காரைக் கிளப்பி உக்கடம் பாலம் தாண்டினார். கிணத்துக்கடவு வந்ததும் காரை ஓரங்கட்டினார். கண் கலங்கியிருந்தது.

"அறுநூறு மணி நேரம். அந்த ரூமுக்குள்ள ஒத்தையிலயா உக்காந்திருந்தே கண்ணு? ஊடு நெறைய ஆளு இருந்தும் உன்னைய இப்புடி உட்டுட்டோமே. எங்க தப்புத்தான்."

"அப்புடியெல்லாம் இல்லீங்க மாமா."

அதற்கு மேல் என்ன சொல்வது? தனியாக இருப்பதற்காகத்தான் கதவைச் சாத்தினேன் என்று, தனக்காகக் கண் கலங்கும் ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் புதுப்பெட்டி வந்தது. அவள் கொல்லைப்புறத்திலிருந்து வருவதற்குள் ஹாலில் பெரிய டிவிக்குக் கீழே ஆசாரி பலகை அடித்து முடித்திருந்தார். ராமாமணி பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அரங்கசாமி ஒரு காகிதத்தை நீட்டினார்.

"இன்னும் மூணு வருசத்துக்கு வாரன்டி சேத்திப் போட்டுட்டேன். தூசி போனாலும் இடி உழுந்தாலும் மாத்திக் குடுத்துருவானாம். உன்ற பேருலயே எழுதச் சொல்லிப்போட்டேன் அம்மணி."

அந்த வீட்டில் அவள் பெயரில் எழுதப்பட்ட முதல் பொருள் அது.

அதன்பிறகு மத்தியானம் இரண்டு மணிக்கு யாரும் தூங்குவதில்லை. ராமாமணி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். அரங்கசாமி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று படகைப் பற்றி விசாரிப்பார். பக்கத்து வீட்டு மாரியாத்தாள் முறுக்கோடு வருவார். "அதைக் காதுல மாட்டுனா எங்களுக்குக் கேக்காதுல்ல?" என்று ராமாமணி கேட்டதால் ஹெட்போன் அலமாரிக்குப் போனது. பெட்டியை மாடிக்குக் கொண்டுபோவது, உங்களோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல் ஆகிவிடும்.

முதல் நாள் ஷ்ரவ்யாவின் குரல் ஹால் முழுக்க ஒலித்தது. "ஏய் லோகு, எங்கடி போய்த் தொலைஞ்சே?"

 ராமாமணி டிவியைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அம்மணி? சாப்புட்டீங்களா?" என்றார்.

"சாப்பிட்டேங்க ஆன்ட்டி," என்றாள் ஷ்ரவ்யா, அடங்கிய குரலில். ஒரு வாரம் அப்படியே ஓடியது. பிறகு ஆபீசில் வேலை ஜாஸ்தி என்றாள். அப்புறம் வரவேயில்லை. லோகப்பிரியா தனியாகப் படகை ஓட்டினாள். ஹாலே அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை, ஒன்றே முக்கால் மணி. மாமனார் வெளியே போயிருந்தார், மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். லோகப்பிரியா ஸ்க்ரூ டிரைவரோடு பலகைக்கு முன்னால் மண்டியிட்டுப் பெட்டியைத் திருப்பினாள். வெள்ளி ஸ்டிக்கர் பளபளத்தது. இதைக் கிழித்து, உள்ளே ஒரே ஒரு ஒயரை உருவிவிட்டால் போதும். கிழிந்த ஸ்டிக்கருக்கு எந்தக் கம்பெனியும் மாற்றிக் கொடுக்காது. செத்த பெட்டி மாடிக்குப் போய்விடும். அங்கே அதை அவளே சரிசெய்துகொள்வாள். ஷ்ரவ்யாவைக் கூப்பிடுவாள்.

நகத்தை விட்டு நெம்பினாள். ஒரு முனை எழும்பியது.

வாசலில் கார் வந்து நின்றது.

"அம்மணி! ஆனைமலை மாமா வந்துருக்காரு. நம்ம கப்பலை ஓட்டிக் காமி கண்ணு, பாக்கோணுமாம்!"

அந்தக் குரலில் பெருமை வழிந்தது. அந்தப் பெருமை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கிழித்திருப்பாள்.

எழும்பிய முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். சுருக்கம் தெரியாமல் இருக்க இன்னொரு தரம் தேய்த்தாள். பெட்டியைத் திருப்பி வைத்து, ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"இதோ வாரேனுங்க மாமா."